கலர் உரியுது, அட்டை வளையுது: பழைய பொருளில் பிள்ளைகள் வண்ணம் தீட்டும்போது வரும் கோளாறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மத்தியானமானால் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் 4 வயதிலிருந்து 8 வயதுக்குள். தண்ணீர் பாட்டில், ஸ்வீட் டப்பா, முட்டை அட்டை, கொட்டாங்குச்சி, கல்யாணப் பத்திரிகை என்று வீட்டில் தூக்கிப்போட வைத்திருக்கிற எதையாவது கொண்டுவந்து அதில் வண்ணம் தீட்டுவார்கள், மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையும் சேர்ந்துகொள்ளும். மூன்று வருஷமாக இது நடக்கிறது. எதெது கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும், எப்படிச் சரிசெய்வது என்று இதில் கற்றுக்கொண்டதைக் கோளாறு வாரியாகப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் வந்து சொல்வது இரண்டே விஷயம். "அக்கா, மட்டமான கலர் வாங்கிட்டோம் போல" என்பார்கள், இல்லையென்றால் "இவனுக்குக் கை வரலை" என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. தீட்டப்போகிற பொருளின் மேல்பரப்பைத் தயார் செய்யாமல் அப்படியே பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த முன்வேலை பெரியவர்களுடையது. அரை மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்துவிட்டால் சாதாரணப் பள்ளிக்கூடக் கலர்கூட நன்றாக நிற்கும்.

ஒன்றை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். நம்முடையது மாந்தோப்பும் தக்காளிக் காடுமாக இருக்கிற ஊர்ப்பக்கம், எல்லார் வீட்டுக் கொல்லையிலும் காலி மருந்து டப்பா நாலு கிடக்கும். பூச்சிமருந்து, களைக்கொல்லி, பினாயில், ஆசிட் இருந்த டப்பா எதையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், பத்துத் தடவை கழுவியிருந்தாலும் வேண்டாம். 3 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் பாட்டில் மூடியையும் எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையை அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலில் அடித்த கலர் தோல் மாதிரி உரிந்து வருகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அடிக்கும்போது அழகாக இருக்கும், மறுநாள் பாட்டிலை லேசாக அமுக்கினால் படபடவென்று உதிரும், அல்லது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத்தோலாகக் கழன்று வந்துவிடும்.

முதலில் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள். 1 என்றிருந்தால் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் வகை. அதைச் சமாளித்துவிடலாம். 2 என்பது ஷாம்பு பாட்டில் வகை, 5 என்பது பெரும்பாலான சாப்பாட்டு டப்பா, மூடி வகை. இந்த 2, 5 இரண்டும் இயல்பிலேயே எதையும் ஒட்டவிடாத பிளாஸ்டிக், கோந்தே அதில் சரியாகப் பிடிக்காது, கலர் எப்படிப் பிடிக்கும். பிள்ளைக்குக் கொடுக்க 1 எண் பாட்டிலாகப் பொறுக்கி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது கழுவுவது. எண்ணெய், நெய் இருந்த பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு வெளிப்பக்கத்தையும் தேய்க்க வேண்டும், நிறையப் பேர் உள்ளே மட்டும் கழுவிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம் ஊரில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர், குடத்தில் வெள்ளையாகப் படிவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே வெள்ளைப்படிவு கழுவிக் காயவைத்த பாட்டிலிலும் மெல்லிய மாவு மாதிரி நிற்கிறது. கலர் பாட்டிலைப் பிடிக்காமல் அந்த மாவைப் பிடித்துக்கொள்கிறது, மாவு உதிரும்போது கலரும் சேர்ந்து உதிர்கிறது. எனக்கு இது பிடிபட வெகுநாள் ஆனது. பாட்டிலைக் கழுவியபின் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலால் வெளிப்பக்கம் முழுக்க ஒரு தடவை தேய்த்து, குடிக்கிற தண்ணீரில் அலசி, துணியால் துடைத்துக் காயவையுங்கள். தானாகக் காயட்டும் என்று விடக்கூடாது, துடைக்க வேண்டும்.

பிறகு உப்புத்தாள். 220 நம்பர் கேட்டு வாங்கி, பாட்டில் பளபளப்புப் போய் மங்கலாகும் வரைக்கும் வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். விரல் நகத்தால் கோடு போட்டால் சரசரவென்று சத்தம் வந்தால் போதுமான சொரசொரப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பெரியவர்களே வீட்டுக்கு வெளியே வைத்துத் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் தூளைத் துடைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. டிஷ்யூ பேப்பரோ செய்தித்தாளோ சின்னச்சின்னத் துண்டாகக் கிழித்து, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, பாட்டில் முழுக்க ஒட்டிவிடுங்கள், ஒரு துண்டின் மேல் அடுத்தது கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும். கிழித்து ஒட்டுகிற வேலையைப் பிள்ளைகளே ஆசையாகச் செய்வார்கள். ஒரு ராத்திரி காய்ந்தால் பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதத் தோல் வந்துவிடும், அதன்மேல் எந்தக் கலரும் நிற்கும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், 5 எண் டப்பாவைக்கூட இது காப்பாற்றிவிடும், ஏனென்றால் காகிதம் டப்பாவைச் சுற்றிச் சட்டை மாதிரி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது.

கலரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்தபின் வளையாது, பாட்டில் அமுங்கும்போது வெடிக்கும். மூன்று கரண்டி போஸ்டர் கலருக்கு ஒரு கரண்டி ஃபெவிகால் கலந்துவிட்டால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் கலர் காயும்போதே பிளாஸ்டிக் படலமாக மாறுவதால் அதற்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அக்ரிலிக்கை எடுத்தால் சட்டைக் கறையைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள்.

சரியாகப் பிடித்ததா என்று பார்க்க, ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் ஒரு ஓரத்தில் செல்லோடேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் கலர் வரவில்லையென்றால் தாராளமாகப் பிள்ளை கையில் கொடுக்கலாம்.

கலர் பரவாமல் முத்துமுத்தாக நிற்கிறது

டீக்கடைப் பேப்பர் கப், ஸ்வீட் டப்பாவின் மேல்பக்கம், பளபளப்பான கல்யாணப் பத்திரிகை, இவற்றில்தான் இது வரும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, தண்ணீர்க் கலர் அதில் தாமரை இலைத் தண்ணீர்தான்.

அட்டை டப்பாவுக்கு இதைவிட எளிதான மருந்து எதுவும் கிடையாது: ஒட்டிய இடத்தைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து மறுபடி ஒட்டிவிடுங்கள். உள்ளே இருக்கிற சாம்பல் நிற அட்டை கலரை அப்படியே உறிஞ்சும். பத்திரிகைக்கும் அதுதான், அச்சடிக்காத பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். திருப்ப முடியாத பொருளாக இருந்தால் கலரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டுக் கலக்கினால் பரவும். இரண்டாவது சொட்டு வேண்டாம், காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

அடியில் இருக்கிற எழுத்தும் படமும் தெரிகிறது

எவ்வளவு மஞ்சள் அடித்தாலும் மாம்பழப் பெட்டியில் அச்சடித்த பெயர் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் மறைக்கிற சக்தி குறைந்த நிறங்கள், மேலே மேலே அடிப்பதில் பயனில்லை. முதலில் வெள்ளை அடிக்க வேண்டும்.

வெள்ளைக்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. துண்டுச் சாக்பீஸ்களை ஈரத்துணியில் சுற்றி நசுக்குங்கள், உலர்ந்த தூள் பறந்தால் பிள்ளைகளின் மூக்கில் ஏறும் என்பதற்காகத்தான் ஈரத்துணி. இரண்டு கரண்டி சாக்பீஸ் பொடி, ஒரு கரண்டி ஃபெவிகால், ஒரு கரண்டி தண்ணீர், கட்டியில்லாமல் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து ஒரு பூச்சு, அது காய்ந்தபின் குறுக்கே இன்னொரு பூச்சு. இதே பூச்சு முட்டை அட்டைக்கும் உயிர். முட்டை அட்டை காகிதக்கூழில் செய்தது, வைத்த கலரையெல்லாம் குடித்துவிட்டு மங்கலாகக் காட்டும். வெள்ளைப்பூச்சு இருந்தால் கலர் மேலேயே நின்று பளிச்சென்று இருக்கும்.

சிவப்பு மையில் அச்சடித்த பத்திரிகையில் மட்டும் சில சமயம் மை கரைந்து வெள்ளைப்பூச்சு ரோஸ் நிறமாகிவிடும். அந்தப் பத்திரிகையை ஒதுக்கிவிடுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அட்டை அப்பளம் மாதிரி வளைகிறது

ஒரு பக்கம் மட்டும் ஈரமாகும்போது அந்தப் பக்கத்து நார் ஊதும், காயும்போது சுருங்கும், மறுபக்கம் அப்படியே இருக்கும், அதனால் வளைகிறது. பின்பக்கமும் ஏதாவது ஒரு நிறத்தை அடித்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு நேராகிவிடும். ஏற்கெனவே வளைந்துவிட்டதென்றால் பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே அரிசி டப்பாவை ராத்திரி முழுக்க ஏற்றிவையுங்கள். பிள்ளைகள் தூரிகையைத் தண்ணீரில் முக்கி அப்படியே அட்டைக்குக் கொண்டுபோவதுதான் மூலகாரணம், கப்பின் விளிம்பில் இரண்டு தடவை வழித்துவிட்டு எடுக்கப் பழக்கினால் போதும்.

எல்லா நிறமும் சேர்ந்து சேற்று நிறமாகிவிடுகிறது

இதற்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பழுப்புதான் வரும், யார் கலந்தாலும் அதுதான் வரும். 12 டப்பாவையும் திறந்து முன்னால் வைத்தால் எந்தப் பிள்ளையும் பன்னிரண்டையும் கலந்துதான் பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும்.

நான் செய்வது இப்படி. முதல் நாள் இரண்டே நிறம், மஞ்சளும் நீலமும். முட்டை அட்டையின் இரண்டு குழியில் ஒரு கரண்டி ஒரு கரண்டியாக ஊற்றி, நடுவில் ஒரு குழியைக் காலியாக விட்டுவிடுவேன். போன வைகாசியில் பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பெண், காலிக் குழியில் இரண்டையும் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள், முதலில் மஞ்சளுக்குள் ஒரு நீல நூல் ஓடியது, பிறகு ஓரத்தில் கிளிப்பச்சை கசிந்தது, அதைப் பார்த்ததும் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அத்தை, இது நான் பண்ணினது" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் தொட்ட பொருளெல்லாம் பச்சை. அடுத்த வாரம் மஞ்சளும் சிவப்பும், அதற்கடுத்து சிவப்பும் நீலமும். மூன்று வாரம் ஆனபின் மூன்றையும் வைத்தால், எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள்.

நிறத்துக்கு ஒரு தூரிகை தனியாக வைத்தால் இன்னும் நல்லது. தூரிகை போதவில்லையென்றால் தென்னங்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக் கட்டிக்கொடுங்கள், பழைய பல் பிரஷ் கொடுங்கள், வெண்டைக்காய்க் காம்பை நறுக்கி அச்சு வைக்கக் கொடுங்கள், பூப்பூவாக விழும். தண்ணீர்க் கப்பும் இரண்டு வேண்டும், முதலாவதில் அலசி இரண்டாவதில் சுத்தம் பார்க்க.

மாங்கொட்டை பொம்மைக்குள் ஏதோ நகர்கிறது

எங்கள் ஊருக்கே உரிய கோளாறு இது. மாங்கொட்டையைக் காயவைத்து மீனாகவும், நாரைத் தாடியாக விட்டுத் தாத்தாவாகவும் தீட்டினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இரண்டு வாரம் கழித்து அலமாரியில் இருந்த மீனை எடுத்தால் உள்ளே சரசரவென்று சத்தம், இன்னும் சில நாளில் கலரைத் துளைத்துக்கொண்டு ஒரு கறுத்த வண்டு வெளியே வரும்.

அது மாங்கொட்டை வண்டு. பிஞ்சாக இருக்கும்போதே காயின் மேல்தோலில் முட்டையிட்டுவிடுகிறது, புழு உள்ளே போய்க் கொட்டைக்குள் இருக்கிற பருப்பைத் தின்று அங்கேயே வண்டாகிறது. பழத்தை வெளியே பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, சதையும் நன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் கொட்டையைப் பிளக்காமல் வைத்தால் இது நடக்கலாம். வண்டு இல்லாவிட்டாலும் உள்ளே ஈரப் பருப்பு இருப்பதால் பூசணம் பிடித்து, கலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

அதனால் பருப்பை எடுத்துவிட வேண்டும். சதையை நன்றாகச் சுரண்டித் தேய்த்துக் கழுவி, நாலைந்து நாள் மொட்டைமாடியில் காயவையுங்கள். ஓடு விறைத்து நார் முறுகியதும் வளைந்த விளிம்புப் பக்கமாகக் கத்தி நுனியை விட்டு லேசாகத் திருகினால் சிப்பி மாதிரி வாய் திறக்கும். இது முழுக்கப் பெரியவர்கள் வேலை, கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு திருகாதீர்கள், தரையில் பலகை மேல் வைத்து அழுத்துங்கள். பருப்பை எடுத்துவிட்டு ஓட்டின் இரண்டு பாதியையும் இன்னும் இரண்டு நாள் காயவைத்து, விளிம்பில் ஃபெவிகால் தடவி, நூலால் சுற்றிக் கட்டி ஒட்டுங்கள். ஒட்டும் முன் உள்ளே நாலு சின்னக் கல்லைப் போட்டால் கிலுகிலுப்பையாகிவிடும், அப்போது விளிம்பைச் சுற்றித் துணிநாடா ஒட்டி மூடிவிடுங்கள், கல் வெளியே விழக்கூடாது.

தாத்தாத் தாடிக்கு நார் நிறைய இருக்கிற நாட்டு மாங்காய்க் கொட்டைதான் சரி. பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்கு மாங்காய்க் கொட்டை நீளமாக இருப்பதால் மீனுக்கு நன்றாக இருக்கும். நாரில் கலர் திட்டுத்திட்டாக ஏறினால் பழைய பல் பிரஷால் ஒரே பக்கமாக வாரிவிட்டுத் தீட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்த கலர் வெளுத்துப்போகிறது

மஞ்சள்தூளில் தீட்டிய சூரியன் ஜன்னலோரம் மாட்டிய சில நாளில் வெளுக்கிறது, பீட்ரூட் சாறு பழுப்பாகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. செடியிலிருந்து எடுக்கிற பல சாயங்கள் வெயில் பட்டால் போய்விடும், மஞ்சள் அதில் முதல் ஆள். அவற்றை விளையாட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள் தீட்டிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் தொட்டால் சிவப்பாக மாறும், சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், இதை ஒரு மத்தியானம் முழுக்கச் செய்தாலும் பிள்ளைகளுக்கு அலுக்காது. மஞ்சளைச் சிவக்க வைக்கச் சுண்ணாம்பு டப்பாவை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

நிற்கிற கலர் வேண்டுமென்றால் காலடி மண்ணை எடுங்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. கல்லிலும் மண்ணிலும் எடுத்த நிறம் வெயிலுக்கு வெளுக்காது. நம்முடைய செம்மண்ணின் சிவப்பு இரும்புத்துருவின் சிவப்பு, அதுவும் அப்படியே நிற்கும். ஒரு டப்பாவில் செம்மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை நிமிஷம் பொறுத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே இருக்கிற சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு டப்பாவில் வடியுங்கள். ராத்திரி வைத்தால் காலையில் அடியில் வெண்ணெய் மாதிரி மிருதுவான சேறு படிந்திருக்கும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அந்தச் சேற்றில் மூன்றுக்கு ஒன்று ஃபெவிகால் சேருங்கள். கொட்டாங்குச்சிக்கும் மண்சட்டி ஓட்டுக்கும் இதைவிட நல்ல கலர் நான் பார்த்ததில்லை. கறுப்புக்கு அடுப்புக்கரியை ஈரமாக அரைத்துக்கொள்ளலாம், வெள்ளைக்கு அந்தச் சாக்பீஸ் குழம்பே போதும். மூன்று நிறம் ஆகிவிட்டது, கடைக்கே போகவில்லை. மண்ணை வயலிலிருந்து எடுக்காதீர்கள், மருந்து அடித்திருக்கும்.

மாட்டுக்கொம்புக்கு அடித்த பெயிண்ட் மீதி இருக்கிறது, கொடுக்கலாமா

கூடாது. பொங்கல் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கொம்புக்கு அடித்த சிவப்பு, பச்சை, நீல டப்பா கால்வாசியாக மிஞ்சும், கேட்டுக்கு அடித்ததும் பரணில் இருக்கும். பளபளவென்று எதிலும் ஒட்டும், அதனால் ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது எண்ணெய்ப் பெயிண்ட், கழுவ டர்ப்பன்டைன் வேண்டும், அதன் வாசனை பிள்ளைகளுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய விஷயம் ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா எவ்வளவு ஈயத்தோடு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவுவரை பரவாயில்லை என்கிற பேச்சே அதில் கிடையாது.

ஏற்கெனவே கையில் பூசிக்கொண்டுவிட்டார்களென்றால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுப் பழைய துணியால் வழித்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஸ்பிரே பெயிண்டுக்கும் இதே பதில்தான். தெர்மாகோலில் அடித்தால் தெர்மாகோலே கரைந்து குழிவிழும், அதில் இருக்கிற கரைப்பான் செய்கிற வேலை அது. தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கரைகிற கலர் மட்டும்.

காகிதக்கூழ் பொம்மை நாறுகிறது, பூசணம் பிடிக்கிறது

மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கலர் அடித்துவிடுகிறோம், உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, கலர் அந்த ஈரத்தை உள்ளேயே போட்டு மூடிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நிச்சயம் நடக்கும். கூழைக் கால் அங்குலத்துக்கு மேல் தடிமனாக அப்பாதீர்கள், உருண்டை உருவம் வேண்டுமென்றால் உள்ளே கசக்கிய காகித உருண்டையோ பழைய பந்தோ வைத்து அதன்மேல் மெல்லியதாக அப்புங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அதே சமயம் சித்திரை வெயிலில் நேராக வைத்தால் வெடிக்கும், காற்றோட்டமான நிழல்தான் சரி.

நம் பாட்டிமார் முறத்தை மெழுகக் காகிதத்தோடு வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசுவார்களே, அதே பக்குவம் பொம்மைக்கும் நன்றாக வரும். வெந்தயத்தின் வழவழப்பு கூழை இறுக்கிப் பிடிக்கிறது, மைதாப்பசையைப் போலச் சீக்கிரம் புளிப்பதில்லை. மைதாப்பசைதான் காய்ச்சுகிறீர்களென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் புத்தகம் பைண்டு செய்கிறவர்களும் போடுவது அது. விஷம். பிள்ளைகள் கைவைக்கிற பசையில் போடவே கூடாது. கறுப்புப் பூசணம் பிடித்த பொம்மையைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தொட்டால் கலர் கையில் ஒட்டுகிறது

போஸ்டர் கலர் காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் கரையும், பிள்ளை கையில் வியர்வை இருந்தாலே போதும். முழுக்கக் காய்ந்தபின் ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி ஒரு பூச்சு வையுங்கள். தூரிகையால் இழுத்தால் கலர் கரைந்து கோடாகிவிடும். பூசும்போது பால் மாதிரி வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். ஆனாலும் தண்ணீர் ஊற்றிச் செடி வைக்கிற பாட்டிலுக்கு இது தாங்காது, அதற்கு அக்ரிலிக்தான்.

சட்டையில் கறை, தூரிகை கட்டை

அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரைதான் தண்ணீருக்குக் கட்டுப்படும். சட்டையில் பட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் அந்த நிமிஷமே பச்சைத் தண்ணீரில் அலசிச் சோப்புப் போடுங்கள், காய்ந்தால் போகாது. அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிப் பின்னால் பொத்தானைப் போட்டுவிட்டால் உடுப்பு தப்பிக்கும். தூரிகையும் அப்படித்தான், வேலை முடிந்ததும் கழுவிப் படுக்கவைக்க வேண்டும். கட்டையாகிப்போன தூரிகையைச் சுடுதண்ணீரில் சோப்போடு ஊறவைத்துப் பாருங்கள், மசியவில்லையென்றால் நுனியை வெட்டி, புல்லும் மரத்தழையும் குத்திக் குத்தி வைக்கிற தூரிகையாகக் கொடுத்துவிடலாம்.

பிள்ளை பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறது

பெரும்பாலும் காரணம் காத்திருப்பு. வெள்ளைப்பூச்சு காயட்டும், ஒட்டினது காயட்டும் என்று உட்காரவைத்தால் நாலு வயதுப் பிள்ளை எப்படி உட்காரும். கழுவுவது, தேய்ப்பது, வெள்ளை அடிப்பது எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரியே முடிந்திருக்க வேண்டும். நான் ஆளுக்கு இரண்டு பொருள் தயாராக வைப்பேன், ஒன்று காயும்போது இன்னொன்றில் வேலை ஓடும். அப்படியும் எழுந்து போனால் போகட்டும், கலரை மட்டும் மூடி வையுங்கள். பல நாள் அதே பிள்ளை தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்து மீனுக்குக் கண் வைத்திருக்கிறது.